புண்ணாக்கை மாட்டுத் தீவனமாக மட்டும் பார்க்கலாமா?

திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு மல்லாட்டை மூட்டை கொண்டுபோகும் விவசாயிகளே, உங்களுக்குக் கிடைக்கும் விலை பெரும்பாலும் எண்ணெயை வைத்தே அமைகிறது. எண்ணெய் போக மிஞ்சும் புண்ணாக்கு, 100 கிலோவுக்கு 40 முதல் 45 கிலோ புரதம் கொண்டது. அதைத் தீவனமாக மட்டுமே பார்க்கிறோம்.

புரதம் நல்ல பசை. அந்தக் காலத்தில் சுவருக்கு அடிக்கும் வண்ணப் பொடியில் தச்சரின் வச்சிரத்தைக் காய்ச்சிக் கலந்தார்கள். வச்சிரம் என்பது தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்தான். பாலிலிருந்து எடுக்கும் கேசின் புரதம் தோலுக்கு மெருகேற்றப் பயன்படுகிறது. இவற்றைத் தண்ணீரிலேயே கரைத்துப் பூசலாம். நெடியடிக்கும் தின்னர் தேவையில்லை. ஆனால் 100 லிட்டர் பசும்பாலில் கேசின் சுமார் இரண்டரை கிலோதான். அதனால்தான் புண்ணாக்கைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன்.

முறை எளிதுதான். எண்ணெய் நீக்கிய மாவை லேசான காரத் தண்ணீரில் கலக்கினால் புரதம் கரையும். வடிகட்டி, அமிலம் சேர்த்து பி.எச். அளவை 4.5-க்குக் கொண்டுவந்தால், பால் திரிவதுபோல் புரதம் திரிந்து அடியில் படியும். அதை மீண்டும் காரத் தண்ணீரில் கரைத்தால் பூச்சுக்கான பசை.

சிக்கலும் உண்டு. எக்ஸ்பெல்லர் சூட்டில் வெந்த புண்ணாக்கில் புரதம் சரியாகக் கரையாது. மிச்ச எண்ணெய் பூச்சைக் கெடுக்கும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எனவே மழை படும் வெளிச்சுவருக்கு இது ஆகாது. காகிதம், அட்டை, தோல் போன்றவற்றுக்கே முயலலாம். புரதம் எடுத்த சக்கையில் தீவனச் சத்தும் குறையும். பூச்சுக்குக் கிடைக்கும் விலை அந்த இழப்பையும் ஈடுகட்ட வேண்டும்.

பிரிட்டனில் கடலைப் புரதத்திலிருந்து ‘ஆர்டில்’ என்ற நூலிழையே தயாரித்தார்கள். 1957-இல் அந்த உற்பத்தி நின்றுபோனது. தொழில்நுட்பம் இருந்தால் மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும்.

டி.எம்.வி. ரகங்களைத் தந்த திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திடம் இனி மகசூலையும் எண்ணெய் சதவீதத்தையும் மட்டும் கேட்காதீர்கள். புரத அளவையும் கேளுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்காக, நம் பகுதி மரச்செக்குப் புண்ணாக்கின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். முடிவும் வாங்குபவரும் கையில் கிடைக்கும்வரை, யார் சொன்னாலும் கடன் வாங்கி இயந்திரம் போடாதீர்கள்.