குணமடைந்தவர் எலும்பு

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து 5 ஆண்டு கடந்தவரைக் குணமடைந்தவர் என்பது வழக்கு. அச்சொல்லில் எலும்புக்கு இடமில்லை. இரைப்பை முழுதும் நீக்கப்பட்டால் அமிலம் இல்லை. உணவும் பெரும்பாலும் முன்சிறுகுடலைத் தொடாமல் செல்கிறது. கால்சியம் முனைப்பாக உறிஞ்சப்படுவது அங்கேதான். கொழுப்புச் செரிமானம் குன்ற, வைட்டமின் டி-யும் குறைகிறது. கடைகளில் மலிந்த கால்சியம் கார்பனேட் மாத்திரை கரைய அமிலம் வேண்டும். இவர்களுக்குச் சிட்ரேட் வடிவமே பொருத்தம். (இரண்டுக்கும் 'கால்சிய மாத்திரை' என்று ஒரே பெயர் வழங்குவதும் ஒரு கேடு.)

பொன்முடி அடிவாரக் கல்லாற்றின் வழுக்குப் பாறைகளில் கால்வைக்கும் முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவு, கட்டி மீள்வதைவிடச் சிறிய அச்சமன்று. எலும்புத் தேய்வோ முறியும்வரை வலிப்பதில்லை. 1981 முதல் இயங்கும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமாயினும் வேறெந்த மருத்துவமனையாயினும், வீடு திரும்புவோருக்குத் தரும் சுருக்கத்தாளிலேயே எலும்பு அடர்த்திச் சோதனைக்கான நாளும் குறிக்கப்பட வேண்டும்.