காதலிப்பதாக நடிக்கும் கதாநாயகி ஒரத்தநாட்டில் பஸ் ஏறினால் என்ன ஆகும்?

தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை சாலையில் ஓடும் டவுன் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறினால், குனிந்த தலை நிமிராமல் போனில் மூழ்கியிருக்கும் கல்லூரி மாணவிகளைப் பார்க்கலாம். எல்லோரும் ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் தப்பு. சிலர் நாவல் படிக்கிறார்கள். பிரதிலிபியில் தமிழ்த் தொடர்கதை, இங்கிலீஷ் கைவந்தவர்கள் என்றால் அமெரிக்கக் கல்லூரியில் நடக்கும் ஐஸ் ஹாக்கிக் காதல் கதை. கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊரில் ஐஸ் ஹாக்கியா என்று கேட்கலாம். காதலுக்கு விளையாட்டு விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே!

இந்த வகைக் கதைக்கு ஒரு ஃபார்முலா உண்டு. அவனுக்கும் அவளுக்கும் ஆகாது. ஆனால் இருவருக்கும் ஒரு தேவை வருகிறது. முன்னாள் காதலனை வெறுப்பேற்ற வேண்டும், அல்லது கோச் முன்னால் நல்ல பெயர் எடுக்க வேண்டும், அல்லது பாஸ் மார்க் வாங்க வேண்டும். சரி, கொஞ்ச நாளைக்கு லவ் பண்ற மாதிரி நடிப்போம் என்று ஒப்பந்தம். அதற்கு விதிகள். விதிகள் ஒவ்வொன்றாக உடையும். கடைசியில் நடிப்பு நிஜமாகும்.

கனடா எழுத்தாளர் எல் கென்னடியின் 'தி டீல்' (2015) நாவலில் ஹாக்கி கேப்டனுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும். அவளுக்கோ வேறொருவன் கண்ணில் பட வேண்டும். ஜென்னி ஹான் 2014இல் எழுதி, 2018இல் நெட்ஃபிளிக்ஸ் படமாக வந்த கதையில் இருவரும் உட்கார்ந்து பேப்பரிலேயே விதிகளை எழுதிக்கொள்கிறார்கள். ஹன்னா கிரேஸின் 'ஐஸ்பிரேக்கர்' (2022) நாவலில் நடிப்பு இல்லை, பகைதான். ஹாக்கி அணியும் பனிச்சறுக்கு நடனக்காரியும் ஒரே மைதானத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

ஏன் இது இவ்வளவு பிடிக்கிறது? பதில் சிக்கலானது இல்லை. நடிக்கிறோம் என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாம். கையைப் பிடிக்கலாம், மேட்ச் பார்க்க முன்வரிசையில் உட்காரலாம், அவன் ஜெர்சியைப் போட்டுக்கொள்ளலாம். மனசு கொஞ்சம் ஆடிப்போனால்கூட "சும்மா நடிப்புதானே" என்று தப்பித்துக்கொள்ளலாம். மறுக்கப்படுவோமோ என்ற பயம் இல்லாமல் நெருங்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அதோடு மைதானம், வியர்வை, கூட்டம், வெற்றி தோல்வி என்று விளையாட்டு வேறு சேர்ந்துகொண்டால் பக்கங்கள் தானாக ஓடும்.

ஆனால் இந்த ஒப்பந்தம் வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. கதை அதை வெளியே சொல்வதே இல்லை, சொல்ல வேண்டிய அவசியம் அந்த ஊரில் இல்லை. ஓர் ஆணும் பெண்ணும் ஜோடி என்று நாலு பேருக்குத் தெரிந்தால் அதனால் லாபம் இருக்க வேண்டும். பிரிந்துவிட்டால் நஷ்டம் பெரிதாக இருக்கக் கூடாது.

இந்த நிபந்தனையை எடுத்துக்கொண்டு ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.

இங்கே நடிப்பு தலைகீழ்

டெல்டாவின் சிறு நகரங்களில் நடிப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் நடிப்பது வேறு. அங்கே சம்பந்தமில்லாத இருவர் காதலர்களாக நடிக்கிறார்கள். இங்கே காதலிக்கும் இருவர் சம்பந்தமே இல்லாதவர்களாக நடிக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் முன்படிக்கட்டில் ஒருவர், பின்படிக்கட்டில் ஒருவர். போனில் அவன் பெயர் ஏதோ ஒரு தோழியின் பெயராக சேவ் ஆகியிருக்கும். யாராவது சேர்ந்து பார்த்துவிட்டால் "கசின்", "அண்ணன் மாதிரி", "அக்காவோட கிளாஸ்மேட்" என்று ஒரு உறவு அந்த நிமிஷமே பிறக்கும். முன்தினம் வரை பேர் சொல்லிக் கூப்பிட்டவனை அப்பாவின் நண்பர் எதிரில் வந்ததும் "அண்ணா" என்று கூப்பிட்ட கதைகளை நண்பர்கள் வட்டத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயம்தான், ஆனால் அந்த 'அண்ணா'வுக்குப் பின்னால் இருக்கும் பயம் சிரிப்பில்லை.

தமிழுக்கு இது புதிதும் இல்லை. ஊர் வாய் பேசுவதற்கு நம் அகப்பாடல் மரபில் 'அலர்' என்றே பெயர் இருக்கிறது. திருக்குறளில் 115ஆவது அதிகாரம் முழுக்க அதைப் பற்றியதுதான். வேடிக்கை என்னவென்றால், ஊர் பேசுவது நமக்கு நல்லதுதான் என்று சந்தோஷப்படும் தலைவனும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறான். அமெரிக்க நாவலின் ஹீரோவை அங்கேயே பார்த்துவிடலாம். ஆனால் அலரின் பில் யார் தலையில் விழுகிறது? அதற்கும் இலக்கணத்தில் ஒரு சொல் உண்டு: 'இற்செறிப்பு'. பேச்சு கிளம்பியதும் பெண்ணை வீட்டை விட்டு வெளியே விடாமல் வைப்பது. தலைவனுக்கு இற்செறிப்பு கிடையாது.

இன்றைய பாஷையில் அது "நாளையிலிருந்து காலேஜ் வேணாம், பிராக்டீஸ் வேணாம், போனைக் குடு".

அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2024 ஜனவரியில் இதே ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த இளைஞரைத் திருமணம் செய்துகொண்ட 19 வயதுப் பெண் கொல்லப்பட்டார். வெளியூரில் இருந்த அவரைத் தந்தையோடு போலீஸ் அனுப்பிவைத்த மறுநாளே இது நடந்தது. பெற்றோர் கைது செய்யப்பட்டார்கள். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்கு ஆளாகும் ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லமும் மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் வேண்டும் என்று சொல்லி அப்போது ஆறு வருஷம் ஆகப்போகிறது. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது 2025 அக்டோபரில்.

இத்தனையும் தெரிந்த வாசகிதான் பஸ்ஸில் அந்த நாவலைப் படிக்கிறாள். அவளிடம் ஒரு தமிழ் எழுத்தாளர், ஹாக்கியைக் கபடியாகவும் பாஸ்டனைத் தஞ்சாவூராகவும் மாற்றிவிட்டு, "ரெண்டு பேரும் ஒரு மாசம் லவ் பண்ற மாதிரி நடிக்கலாம்னு முடிவு பண்ணாங்க" என்று எழுதினால் அவள் நம்ப மாட்டாள். இவளுக்குப் பைத்தியமா என்றுதான் கேட்பாள்.

கல்யாணம் என்ற குறுக்கு வழி

நம் வெகுஜனக் கதைகள் இந்தச் சிக்கலை எப்போதோ கண்டுகொண்டன. தீர்வும் கண்டுபிடித்தன: காதலிப்பதாக நடிக்க வைக்காதே, கல்யாணம் ஆனதாக நடிக்க வை. 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா' நினைவிருக்கும். கணவன் - மனைவியாக இருக்கும் ஆசிரியர்கள்தான் வேண்டும் என்று வேலைக்கு விளம்பரம். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தம்பதியாக நடித்து வேலையில் சேர்கிறார்கள். (நிஜத்தில் அப்போது அவர்கள் ஏற்கெனவே கல்யாணம் செய்துகொண்டு, அதை வெளியே சொல்லாமல் இருந்தார்கள். படத்தில் தம்பதியாக நடிப்பு, வெளியே தம்பதி இல்லை என்று நடிப்பு!) தாலி இருப்பதாக ஊர் நம்பிவிட்டால், ஒரே வீட்டில் இருந்தாலும் அலர் கிடையாது. ரமணிசந்திரன் காலத்துக் குடும்ப நாவல்களில் விருப்பமில்லாமல் நடந்த கல்யாணங்களும், இன்று பிரதிலிபியில் ஓடும் 'ஒப்பந்தத் திருமணம்' கதைகளும் அதே சாலையில்தான் போகின்றன. பகை, நெருக்கம், ஊடல் எல்லாம் தாலிக்குப் பிறகு.

மிஸ்ஸியம்மா இன்னொரு தந்திரமும் செய்தது. அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது? அவள் உண்மையில் அந்த ஜமீன்தாரின் சின்ன வயதில் தொலைந்துபோன மகள் என்று கடைசியில் தெரியவரும். மதப் பிரச்சினை மாயமாகிவிடும். இன்றைய ஒப்பந்தக் கல்யாணக் கதைகள் இந்தச் சிரமம்கூடப் படுவதில்லை. ஹீரோ கம்பெனி முதலாளி, ஹீரோயின் ஏழை. சாதி என்ற ஒன்று அந்த உலகத்தில் இருப்பதாகவே பெரும்பாலும் தெரியாது.

"கதைதானே, இதுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்டால், நியாயமான கேள்வி. வேலை முடிந்து களைத்துப்போய்ப் படிப்பவருக்கு எல்லாக் கதையும் பாடம் நடத்த வேண்டும் என்பதில்லை. வெளிநாட்டுக் கதையை இங்கே கொண்டுவருவதும் குற்றமில்லை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வடுவூரைச் சேர்ந்த துரைசாமி ஐயங்கார் நூறு வருஷத்துக்கு முன்பே ஆங்கிலக் கதைகளைத் தழுவி, ஆள்மாறாட்டமும் மாறுவேஷமுமாக எழுதிக் குவித்தவர். 'மேனகா' 1935இல் படமே ஆனது. அவர் கதைகள் ஓடியதற்குக் காரணம், இறக்குமதி செய்த சரக்கைக் கும்பகோணத்து வக்கீல் வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கத் தெரிந்திருந்ததுதான்.

அதே வடுவூர் இன்று அறியப்படுவது கபடிக்காக. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் கபடி அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது.

அப்படியானால் எப்படி எழுதலாம்?

ஒரு டெல்டா கபடிக் காதல் நாவலுக்கு வேண்டிய சரக்கு இந்த ஊரிலேயே கொட்டிக்கிடக்கிறது. முதலில் பணயம். கபடி ஆடும் கல்லூரிப் பெண்ணுக்கு மெடல் அலமாரியில் வைக்கும் பொருள் இல்லை. பாரதிதாசன் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தால் கிடைக்கும் சான்றிதழ், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு வழி. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவதற்குள் அந்தச் சான்றிதழ் கைக்கு வர வேண்டும். மேட்சில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்றால் அவளுக்கு மொத்தமாக மூன்று வருஷம். ஒரே ஒரு வதந்தி போதும், ஆட்டம் முடிந்தது. அமெரிக்க ஹீரோயினுக்குப் பொய் வெளியே தெரிந்தால் அவமானம். இவளுக்குப் பொய்யோ நிஜமோ, எது வெளியே தெரிந்தாலும் பிராக்டீஸ் கட்.

அடுத்து, பகை. கபடியில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே ஆடுவதில்லை. ஆடுகளத்தின் அளவே வேறு, ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12க்கு 8. அதனால் என்ன? சிறு ஊரில் மைதானம் ஒன்றுதான், விளக்கு ஒரு பக்கம்தான். சாயங்காலம் யாருக்கு, ராத்திரி யாருக்கு என்ற சண்டை போதாதா? போதாக்குறைக்கு, கபடி அணி என்பது பல ஊர்களில் தெருவின் மறுபெயர். எந்தத் தெரு என்றால் எந்தச் சாதி என்று சொல்லாமலே தெரியும். மணத்தி கணேசனின் வாழ்க்கையை வைத்து மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' (2025) இதைத்தான் திரையில் காட்டியது. 'வெண்ணிலா கபடிக் குழு' 2009இலேயே தொட்டுவிட்டுப் போனது. இரண்டிலும் ஆடுவது ஆண்கள். பாடிப்போகிற பெண்ணின் பக்கமிருந்து அந்தக் கதை இன்னும் வரவில்லை என்றே தோன்றுகிறது.

இந்த இரண்டையும் சேர்த்தால் ஃபார்முலா தானாகத் திரும்பி நிற்கும். அவளும் அவனும் நிஜமாகவே காதலிக்கிறார்கள். வெவ்வேறு தெரு, எதிரெதிர் அணி ஆட்கள். ஊர் பார்வையில் இருவருக்கும் ஆகவே ஆகாது. அந்தப் பகையை அவர்கள் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறார்கள். மைதானத்துக்காகக் கத்துகிறார்கள், கல்லூரி வாசலில் முறைத்துக்கொள்கிறார்கள், கோச் பஞ்சாயத்துப் பண்ண வேண்டியிருக்கிறது. எதிரியைப் பார்த்து ஊர் அலர் தூற்றாது. டெல்டாவில் ஓர் ஆணும் பெண்ணும் பொதுவில் பேசிக்கொள்ளக் கிடைக்கும் மிகப் பாதுகாப்பான உறவு 'அண்ணா'வுக்கு அடுத்தபடியாகச் சண்டையாகத்தான் இருக்கும்.

இது அமெரிக்க, கனடா வாசகர்களுக்கும் தெரிந்த ரூட்தான். ரேச்சல் ரீட் 2019இல் எழுதி, 2025இல் தொடராக வந்து பெரும் பேச்சான 'ஹீட்டட் ரைவல்ரி'யில் இரண்டு ஹாக்கி வீரர்கள் உலகத்துக்கு முன்னால் பகைவர்கள், பூட்டிய அறைக்குள் காதலர்கள். இருவரும் ஆண்கள். சேர்ந்து பார்க்கப்பட்டால் நஷ்டம் என்ற நிலை வந்ததும் அங்கேயும் நடிப்பு தலைகீழாகிவிடுகிறது பாருங்கள்.

கஷ்டம் முடிவில்தான். பொய்க்காதல் நாவலில் கடைசி அத்தியாயம் ஸ்டேடியத்தில், எல்லோர் முன்னிலையிலும் கட்டிப்பிடிப்பது. ஒரத்தநாட்டு நாவலில் அதை எழுத முடியுமா? கண்ணீர் முடிவு எழுதினால் பிரதிலிபி கமென்ட் பகுதியில் எழுத்தாளரைத் திட்டித் தீர்த்துவிடுவார்கள். திட்டுவதில் நியாயமும் உண்டு, அவர்கள் நிஜத்தில் பார்க்காத முடிவைத்தானே கதையில் தேடி வருகிறார்கள். தொலைந்துபோன ஜமீன்தார் மகள் மாதிரி ஏதாவது சொல்லிச் சாதியை மறைத்தால் பஸ்ஸில் படிப்பவள் சிரித்துவிடுவாள். மீதி இருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. அரசு வேலை ஆர்டர் கைக்கு வந்து, சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பதிவுத் திருமணம், ஊருக்குச் சில வருஷம் வராமல் இருப்பது. இப்படி வாழ்கிற ஜோடிகள் நிறைய இருக்கிறார்கள். நாவலில்தான் அவர்களைக் காணவில்லை.

சொல்ல மறந்த ஒரு விஷயம். ஒரத்தநாட்டுக்கு முத்தம்பாள்புரம் என்றும் ஒரு பெயர் உண்டு. பட்டத்து ராணியாகாமலே தன் அன்புக்குரியவளாக இருந்த முத்தம்பாளின் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அங்கே பெரிய சத்திரமே கட்டினார். அந்தச் சத்திரத்துக் கட்டடம் இன்னமும் ஊருக்குள் நிற்கிறது.