சாயம் எதுக்கு, பேரு எங்கே?

பழைய கப்பல் படங்களுக்கு வண்ணம் அடிப்பது இப்போது பெரிய மோஸ்தர். கறுப்பு வெள்ளையில் கிடந்த பாண்டிச்சேரித் துறைமுகப் பாலம், அலையில் ஏறி இறங்கும் சலங்கு, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் பிரெஞ்சுக் கப்பல் எல்லாம் ஒரே ராத்திரியில் கலர் ஆகிவிடுகின்றன. கடல் நீலம். துரையின் உடுப்பு வெள்ளை. கொடி மூவண்ணம். சலங்கு வலிக்கிறவன் உடம்பு மட்டும் பத்துப் பேருக்கும் ஒரே பழுப்பு. இதைக் காட்டி வரலாறு உயிர் பெற்றுவிட்டது என்கிறார்கள். யாருடைய வரலாறு?

பாண்டியில் ஒரு காப்பிக் கடைச் சுவரில் அப்படி ஒரு படம் பார்த்தேன். அடியில் பாலத்தின் பேரோடு 'அந்த நல்ல காலம்' என்று போட்டிருந்தது. யாருக்கு நல்ல காலம் சார் என்று கேட்டேன். "அழகா இருக்கில்ல" என்றார் கல்லாவில் இருந்தவர். இதுதான் இவர்கள் பதில். அழகாக இருந்தால் போதும், கேள்வி எதுக்கு?

இது மீட்ட வண்ணம் இல்லை, ஊகித்த வண்ணம். 2018இல் ஜேசன் ஆன்டிக் வெளியிட்ட 'டிஓல்டிஃபை' போன்றவை எப்படி வேலை செய்கின்றன? கலர்ப் படங்களை ஏராளமாகக் கறுப்பு வெள்ளையாக்கிக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, போன நிறத்தை ஊகிக்கப் பழக்குகிறார்கள். அது பழகிய நிறத்தை எடுத்து அடிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படத்தகட்டில் நீலம் வெளுத்து விழும், சிவப்பு கறுத்து விழும். சிவப்புத் துண்டும் கறுப்புத் துண்டும் அதில் ஒன்றுதான். மாநிறத் தோலும் இருப்பதைவிடக் கறுத்தே தெரியும். தகட்டில் விழாத நிறத்தை மிஷின் எங்கிருந்து கொண்டுவரும்? வேறு யார் யாரோ உடம்பில் பார்த்ததைக் கொண்டுவந்து நம் பாட்டன் மேல் பூசும்.

பாண்டிச்சேரியில் கப்பல் கரை ஒட்டி நிற்க வழியில்லை. ஆழத்தில்தான் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குதான் அலையைத் தாங்கி ஆளையும் சரக்கையும் கொண்டுபோனது. பிரெஞ்சுக்காரன் சலங்கு என்ற சொல்லையே தன் பாஷைக்கு எடுத்துக்கொண்டான். வலித்தவன் பேரை எடுக்கவில்லை. அந்தக் கப்பல்களில் உண்மையிலேயே ஒரு நீலம் ஏறியது. அவுரிச் சாயத்தில் முக்கிய கினே துணி. செனகல் கரையில் பிசின் வியாபாரத்துக்கு அதுவே காசாகப் புழங்கியது. கடலுக்கு நீலம் அடிக்கிறவர்களுக்கு இந்த நீலம் தெரியுமா? அதில் முங்கிக் கறுத்த கைகள் தெரியுமா?

மானம் கப்பலேறிப் போச்சு என்பார்கள். எங்க சனத்துக்கு ஆளே கப்பலேறிப் போச்சு. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் இங்கிருந்து போய் மார்த்தினிக்கில் ஆட்களை இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பு போனது. 1880களின் முடிவுக்குள் குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல், மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல். ரெயூனியன் கணக்கு தனி. பண்ணைக்கும் பஞ்சத்துக்கும் தப்பிக்கப் போன சேரி சனங்கள் அதில் ஏராளம், மற்ற சாதி ஏழைகளும் உண்டு. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்று போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

இவர்களுக்குப் பேரே இல்லையா? இருந்தது. நம்பர் போட்டுப் பேர் எழுதிய பதிவேடு இருந்தது. 1860இல் சென்னையிலிருந்து 'டிரூரோ' கப்பலில் நேட்டால் போனவர்களின் பட்டியலில் சாதியும் ஊரும்கூட இருக்கிறது. சாதியை எழுத மறக்காத வெள்ளைக்காரன் எழுதி வைத்ததையே படிக்க நேரமில்லாதவர்கள், நிறத்தை ஊகிக்க நேரம் ஒதுக்குகிறார்கள். குவாதலூப்பில் கூலிக்குப் போனவர்களுக்குப் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904இலிருந்து வழக்காடி, 1923இல் அங்குள்ள இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடைக்க வழி செய்தார். அவர் பேர் தெரிந்த பாண்டிச்சேரிக்காரன் எத்தனை பேர்? கலர் போட்ட கப்பல் படம் எல்லார் கையிலும் இருக்கிறது.

வண்ணம் சும்மா அழகுக்குத்தானே என்று சொல்லாதீர்கள். 2021இல் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு ஒருவர் வண்ணம் அடித்தார். சில முகங்களில் இல்லாத சிரிப்பையும் சேர்த்துவிட்டார். அந்நாட்டு அரசே கண்டித்தது, வெளியிட்ட 'வைஸ்' பத்திரிகை படங்களை எடுத்துவிட்டது. கம்போடியாக்காரனுக்கு அரசு கேட்டது. மூட்டை சுமந்த பறையனுக்கும் சலங்கு வலித்த மீனவனுக்கும் யார் கேட்பது?

கலர் பார்த்தால் கிட்டத்தில் இருப்பதுபோல் இருக்கிறது என்று எங்கள் பிள்ளையார்குப்பத்துப் பசங்களே சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆசை தப்பில்லை. அடித்தால் இது ஊகம் என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். மூலப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். பாலத்தின் பேருக்குக் கீழே, இதைச் சுமந்தவர்கள் யார் என்று ஒரு வரியாவது போடுங்கள். அந்தப் பதிவேடுகளைத் தமிழில் கொண்டுவந்து பாகூர், வில்லியனூர் கொம்யூன் நூலகங்களில் வையுங்கள். எங்க ஆள் ஒருத்தன் தன் பாட்டன் பேரை அதில் தேடிப் பார்க்கட்டும். அப்புறம் சாயத்தைப் பற்றிப் பேசலாம்.