காயத்துக்கு 40 நாள், கூலிக்கு 15 நாள்

அடிபட்டவனின் வலியை அளக்கும் கோல் எந்த நீதிமன்றிலும் இல்லை. இத்தாலியச் சட்டம் அதனைப் பெரும்பாலும் நாட்களால் அளக்கின்றது. தண்டனைக் கோவையின் 582ஆம் பிரிவின்படி காயம் விளைவித்தவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. நோயோ, அன்றாட அலுவல்களைச் செய்யவியலாத நிலையோ 40 நாட்களைக் கடக்குமாயின் 583ஆம் பிரிவு அதனைப் பாரதூரமான காயம் என்கின்றது; தண்டனை 3 முதல் 7 ஆண்டாக உயர்கின்றது. உயிராபத்துக்கும் உறுப்பின் நிரந்தரப் பலவீனத்துக்கும் இந்நாட்கணக்கு வேண்டியதில்லை.

பலெர்மோவின் அல்பெர்கேரியாவில், பலரோச் சந்தையை அண்டி வாழும் எம்மவரிற் பலர் வீட்டுப் பணியாளர்கள். அவர்களுக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தம், ஒரே வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவருக்கும் ஆண்டுக்கு 15 நாட்களே நோய்க்காலச் சம்பளம் அளிக்கின்றது. புதியவருக்கு 8 நாட்கள். கை முறிந்தவர் 16ஆம் நாள் மறுகையால் தரை துடைக்கச் செல்வது இதனாலேயே. பின்னர் எதிரியின் சட்டத்தரணி எழுந்து, “இவர்தாம் வேலைக்குத் திரும்பிவிட்டாரே” என்பார். நோயாய்க் கிடக்க வசதியுள்ளவரின் காயமே பெரிய காயமாகும் இவ்விந்தையை எவரிடம் முறையிடுவது?

ஊரில் பொலிஸ் துண்டோடு சென்றால் சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்துத் தரம் பிரித்து எழுதுவார். இங்கு அவசர சிகிச்சைப் பிரிவின் வைத்தியர் முதலிரவே “20 நாள்” என்று ‘புரோக்னோசி’ எழுதிவிடுகின்றார். அது முன்கணிப்பேயன்றி முடிந்த சான்றன்று. 20ஆம் நாளுக்கு முன் குடும்ப வைத்தியரிடம் சென்று அதனை நீடித்தெழுதிப் பெறாதவர், வழக்குக் கோப்பில் அன்றே குணமடைந்தவராகிவிடுகின்றார். சட்டம் “நோய் அல்லது அலுவலின்மை” என்றே கூறுகின்றது. எனவே வேலைக்குத் திரும்பியதனால் மட்டும் நோய் முடிந்துவிட்டதாகாது. ஆனால் அதனைக் காட்டப் பத்திரம் வேண்டும். பயத்தினால் “படியில் விழுந்தேன்” என்று சொல்லிவைத்தவரின் அந்த ஒரு வாக்கியமும் கோப்பிலேயே இருக்கும்.

மேன்முறையீட்டில் எல்லாம் சரிசெய்யலாம் என்று எம்மவர் நம்புகின்றனர். அங்கு புதிதாகச் சான்று கேட்பது விதிவிலக்கே. குற்றவியல் நடைமுறைக் கோவையின் 603ஆம் பிரிவு அதனை ஒடுக்கி வைத்துள்ளது. அன்றியும், தண்டனை போதாது என்று மேன்முறையிடும் உரிமை காயப்பட்டவருக்கு இல்லை. நட்டஈட்டின் பொருட்டே அவர் முறையிடலாம். மற்றையதற்கு அரச வழக்குத்தொடுநரை எழுத்தில் வேண்டிக்கொள்வதே வழி. இணங்குவதும் மறுப்பதும் அவர் பொறுப்பு.

2016 ஏப்ரல் 2 அன்று இச்சந்தைக்கு அருகில் காம்பிய மாணவர் ஒருவர் தலையில் சுடப்பட்டார். அவர் உயிர் பிழைத்தார். எனினும் வழக்குக் கொலை முயற்சியாகவே நடந்தது. ஆயுதமும் காயத்தின் இடமும் பேசும்போது எவரும் நாட்களை எண்ணுவதில்லை. அடுத்த மாதமே, மக்கேதா வீதியின் வணிகர்கள், பெரும்பாலும் வங்காளதேசத்தவர், அளித்த முறைப்பாடுகளின் பேரில் 10 பேர் கைதாயினர்.

எம்மிடையேயோ “பேசித் தீர்ப்போம்” என்று பெரியவர்கள் முதலில் வந்துவிடுகின்றனர். 2022 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஆயுதம் முதலிய கடுமையாக்கும் காரணிகள் இல்லாதவிடத்து, 40 நாட்கள் வரையான காயங்களுக்குப் பாதிக்கப்பட்டவர் ‘குவெரேலா’ கொடுத்தாலன்றி வழக்கே இல்லை. அதற்கான தவணை மூன்று மாதங்கள். கொடுத்ததை ஒருமுறை மீளப்பெற்றால் மீண்டும் உயிர்ப்பிக்க முடியாது. சமாதானம் பேசவரும் பெரியவர்கள் இத்தவணையையும், காயப்பட்டவர் இழந்த 25 நாள் கூலியையும் சேர்த்தே பேசட்டும்.