மணி அடித்தால் சாப்பிடு

‘ஜென் ஃபார் நத்திங்’ (2016) பற்றி நம்மாட்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டேன். ‘மௌனத்தின் கவிதை’, ‘படமே தியானம்’, ‘மனசு லேசாச்சு’. போதும் சாமி!

வெர்னர் பென்செல் எடுத்த ஆவணப்படம். சபீன் திமொத்தேயோ என்ற ஸ்விஸ் நடிகை, ஜப்பானின் அன்தாய்ஜி ஜென் மடத்துக்குப் போய்த் தங்குகிறார். அவ்வளவுதான் கதை. ஆம்பூரில் எங்கள் வீட்டில் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடா இது, நம்ம கம்பெனி மாதிரியே கீது? பேசாம வேல செய்றாங்க, மணி அடிச்சா துன்றாங்க.”

சிரித்தேன். அப்புறம் யோசித்தால், அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தவள் அம்மாதான். அன்தாய்ஜியில் சும்மா உட்கார்ந்தே கிடப்பதில்லை. தங்களுக்கான நெல்லையும் காய்கறியையும் அவர்களே விளைவிக்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள். மண்வெட்டி பிடிப்பதும் அங்கே தியானத்தில் சேர்த்தி. நம் விமர்சகர்கள் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு மௌனத்தை மட்டும் ஏசி காற்று மாதிரி வாங்கிக்கொள்கிறார்கள்.

அதற்காக இரண்டு மௌனமும் ஒன்றா? இல்லை. அது தானாகத் தேர்ந்துகொண்டது, பிடிக்கவில்லையென்றால் மலையிறங்கிவிடலாம். அம்மாவுடையது சூப்பர்வைசர் போட்டது. 1921இல் கியோட்டோவில் தொடங்கிய அந்த மடமே, நகரம் நெருக்கியதும் 1976இல் ஹியோகோ மலைப்பக்கம் பெயர்ந்துவிட்டது. இங்கே தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது, 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. நாங்கள் எந்த மலைக்குப் பெயர்வது?

பெயராமல் இருந்தவர்களும் உண்டு. அதே 1921இல், வாணியம்பாடி தாண்டி பஸ்ஸில் போனால் வரும் திருப்பத்தூரில், சவரிராயன் யேசுதாசன், ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். திராவிடக் கோயில் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள். ஜெபத்தோடு வைத்தியமும் பார்த்தார்கள். அவர்களுடைய அமைதிக்கு வாசலில் நோயாளிகள் இருந்தார்கள். ஜப்பான் மடத்துக்கு உருகும் நம் நண்பர்கள் ஒருவர்கூட இந்த ஆசிரமத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மௌனத்தைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே யார் சமைத்தார்கள், யார் கழுவினார்கள், யாரால் கிளம்பிப் போக முடிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படம் முடிந்ததும் அம்மா கேட்டாள்: “அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிட்டாளா?”

“போயிட்டாம்மா.”

“குடுத்து வச்சவ” என்று டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.