இணை உலகங்களுக்கிடையே ஒரு தங்கக் கடத்தல்

இணை உலகங்களுக்கிடையே சரக்குக் கடத்தும் சாகசத்தைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கென எழுத அமர்வோர் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். கதவு எவ்வாறு திறக்கும், எத்தனை மணித்துளி திறந்திருக்கும் என்பதிலேயே பக்கங்கள் தீர்ந்துபோகின்றன. கடத்தலுக்குக் கதவு மட்டும் போதாது. ஒரு பொருளை ஓர் உலகம் தடுக்க வேண்டும். மற்றோர் உலகம் தடுக்காதிருக்க வேண்டும். கதையை அந்தத் தடையிலிருந்து தொடங்குவதே முறை.

இந்திய ஆட்ட நடத்துநருக்கு இதற்கான சரக்கு வரலாற்றிலேயே கிடக்கிறது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த 1963இல், புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்ற விதி வந்தது. 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதையே தடை செய்தது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். தங்கத்தின் மீதான ஆசையோ குறையவில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 116 கிராம் எடையுள்ள பத்துத் தோலா பிஸ்கட்டுகள் துபாயிலிருந்து படகேறி மேற்குக் கரையில் வந்திறங்கின. 1990இல் சட்டம் நீக்கப்பட்டது. அது நீக்கப்படாத ஓர் இந்தியாவைக் கற்பனை செய்தால் இரண்டாம் உலகம் ஆயத்தம்.

சிக்கல் விலையை வாங்குவதில் இருக்கிறது. அவ்வுலகத்து ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கியின் வேறோர் ஆளுநர் கையொப்பமிட்டிருப்பார். இங்கே அது கள்ளநோட்டு. ஹவாலாவும் உதவாது, இரு கரையிலும் கணக்குத் தீர்க்க ஆள் வேண்டுமே! மெய்யான கடத்தலிலும் படகுகள் வெறுமனே திரும்பிவிடவில்லை. தங்கம் உள்ளே வர, வெள்ளி வெளியே போயிற்று. ஆகவே திரும்பும் சரக்கு எது என்பதை ஆட்டக்காரர்களே தேடட்டும். இங்கே இளமையில் இறந்த பாடகர் ஒருவர் அங்கே முதுமைவரை பாடிய ஒலிநாடாக்கள்? அவற்றை மெய்யென்று நிறுவி விற்பதற்கே இரண்டு அமர்வுகள் பிடிக்கும்.

துரத்துவது யார்? 2005இல் வெளிவந்த ‘கர்ப்ஸ் இன்ஃபினிட் வேர்ல்ட்ஸ்’ நூலில், உலகம் கடக்கும் நுட்பத்தை ஆள்வதும் அதனால் பொருளீட்டுவதும் காவல் படையை நடத்துவதும் ஒரே அமைப்புதான். கூர்மையான ஏற்பாடு. அதன் அனுமதியின்றி வணிகம் செய்யும் எவரும் கடத்தல்காரராகிவிடுகின்றனர். தன் இணையுலக உருவையே எதிர்கொள்ளும் காட்சி மட்டும் சலித்துவிட்டது, அதை விட்டுவிடலாம்.

விடக் கூடாதவர் அங்கிருக்கும் பொற்கொல்லர். கடத்தல் தங்கம் வந்தால் அவர் உலையில் மீண்டும் நெருப்பு எரியும். சோதனை வந்தாலோ ஆட்டக்காரர்கள் கதவு வழியே தப்பிவிடுவார்கள். சிறைக்குப் போகிறவர் அவர். பேராசையில் அளவுக்கு மீறிக் கொண்டுவந்து விலையைச் சரித்தால், நாலு பவுனை நம்பிச் சேமித்த குடும்பங்களும் அவரிடமே வந்து நிற்கும். முதல் அமர்விலேயே அவருக்கு ஒரு பெயரும் பட்டறையும் கொஞ்சம் கடனும் கொடுத்துவிட வேண்டும்.