போடப் போட சரியாயிடும் சார்!

கேம்பஸ் இண்டர்வியூ தேதி நோட்டீஸ் போர்டில் ஏறிய மறுநாளே பி.காம். கடைசி வருடப் பையன்களுக்கு மூன்று செலவு காத்திருக்கும். வெளிர் நிறச் சட்டை, கறுப்பு பேண்ட், கறுப்பு ஷூ. முதல் இரண்டில் பெரிய தொல்லை கிடையாது. பேண்ட் நீளமாக இருந்தால் கடை வாசலிலேயே ஒரு தையல்காரர் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரத்தில் மடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். இடுப்பு லூஸ் என்றால் பிடித்தும் தருவார். ஷூவுக்கு மட்டும் அப்படி ஒரு ஆள் இல்லை. அங்கே ஆல்டரேஷன் செய்துகொள்ள வேண்டியது கால்தான்!

அகலப் பாதக்காரன் ஷூக்கடையில் படும் பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். "என்ன சைஸ் சார்?" என்பார் கடைக்காரர். "எட்டு" என்பான். எட்டு வரும். நீளம் கச்சிதம், ஆனால் சுண்டுவிரல் பக்கம் நெரிக்கும். "அப்ப ஒன்பது பாருங்க சார்." ஒன்பது வரும். விரல் பக்கம் பரவாயில்லை, ஆனால் நடந்தால் குதிகால் கழன்று கழன்று மாட்டும், முன்னால் கட்டைவிரல் அளவுக்குக் காலி இடம். இப்போது கடைக்காரர் தன் கடைசி அஸ்திரத்தை எடுப்பார். எட்டு என்றால், "போடப் போட சரியாயிடும் சார்." ஒன்பது என்றால், "உள்ள ஒரு சோல் போட்டுக்கலாம் சார்." பில் போட்டாயிற்று. இண்டர்வியூ அன்று காலை ஒன்பது மணிக்குப் போட்ட ஷூவை மாலை வரை கழற்ற முடியாது. க்ரூப் டிஸ்கஷனில் ஊரக வங்கிக் கடனைப் பற்றிப் பேச வேண்டியவன், நினைப்பெல்லாம் சுண்டுவிரல் கொப்புளத்திலேயே வைத்துக்கொண்டு பேசுவான். உலகத்தில் எந்த இண்டர்வியூ புத்தகத்திலும் இந்த அத்தியாயம் கிடையாது.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். உண்மையான தோல் கொஞ்சம் இழுபடும், கால் வடிவத்துக்கு வளையும். ஆனால் மாணவன் பட்ஜெட்டில் கிடைக்கும் பளபள கறுப்பு ஷூக்களில் பெரும்பாலானவை ரெக்சின் வகை. அது போடப் போட சரியாகாது, போடப் போட மடிப்பில் வெடிக்கும். தோலுக்குச் சொல்ல வேண்டிய வசனத்தை ரெக்சினுக்குச் சொல்லி விற்கிறார்கள். தோலாகவே இருந்தாலும் அது அகலத்தில்தான் சற்று விட்டுக்கொடுக்கும். நீளம் போதாத ஷூவை எந்தத் தவமும் நீட்டாது.

சரி, ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் என்ன தவறு? இதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும். இந்தியக் கடைகளில் புழங்கும் யூகே அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். எண் கூடும்போது நீளத்தோடு சுற்றளவும் கூடும், வழக்கமாகக் கால் அங்குலம், சுமார் 6 மில்லிமீட்டர். அகலக் கால்காரனுக்குத் தேவை இந்த 6 மட்டும்தான். அதை வாங்க அவன் தேவையில்லாத 8.5ஐயும் சேர்த்து வாங்குகிறான். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் மாதிரி! ஆனால் அந்த இலவசம் சும்மா இருக்காது. விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில்தான் கால் மடங்கும். ஷூவும் அதே இடத்தில் மடங்க வேண்டும். நீளம் கூடினால் ஷூவின் மடிப்பு முன்னால் தள்ளிப் போய்விடும், கால் ஓரிடத்தில் மடங்க ஷூ இன்னோரிடத்தில் மடங்கும். கொப்புளம், குதிகால் உரசல், தடுக்கி விழுதல் எல்லாம் அங்கிருந்து தொடக்கம்.

இதற்கு மருந்து ரொம்பப் பழையது. ஒரே நீளத்தில் வேறு வேறு அகலம். பிரிட்டனில் எண்ணுக்குப் பக்கத்தில் எஃப், ஜி, ஹெச் என்று ஓர் எழுத்து போடுவார்கள். எழுத்து ஒன்று ஏறினால் நீளம் அப்படியே இருக்க, சுற்றளவு மட்டும் ஏறும். அமெரிக்காவில் 1920களிலேயே சார்லஸ் பிரானக் என்பவர் கால் அளக்கும் உலோகத் தட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஓர் அளவு, குதிகாலிலிருந்து பாதம் மடங்கும் இடம் வரை ஓர் அளவு, அகலம் ஓர் அளவு. மூன்றும் ஒரே தட்டில். நூறு வருடம் ஆகப் போகிறது. இங்கே பல கடைகளில் அந்தத் தட்டு கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

இதில் அகலக் கால்காரர்கள் ஏதோ அபூர்வப் பிறவிகள் என்று நினைத்துக்கொள்வதுதான் கொடுமை. "உன் கால் என்ன வாத்துக் கால் மாதிரி" என்று வீட்டிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்தியாவில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதங்களை அளந்து, ஷூ போட்டுப் பழகியவர்களின் பாதங்களோடு ஒப்பிட்டார்கள். வெறுங்கால்கள் அகலமானவை என்று தெரிந்தது. சிறு வயதில் வாசலிலும் மண்ணிலும் செருப்பில்லாமல் ஓடிய கால் விரிந்துதான் வளரும். அது நோயல்ல. பிறகு சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களை விடப் பொதுவாக அகலம், குறுகலான ஷூக்கள்தான் கிடைக்கின்றன என்பதால் மக்கள் தேவைக்கு மேல் நீளமாக வாங்குகிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. ஆக, எட்டுக் காலுக்கு ஒன்பது வாங்குவது ஒரு பையனின் தலைவிதி இல்லை, தேசிய வழக்கம்!

அந்த ஆய்விலிருந்து 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஓர் அளவு முறை முன்மொழியப்பட்டது. வயதையும் ஆண் பெண் வித்தியாசத்தையும் வைத்து எட்டுப் பிரிவுகள். 2025இல் நடைமுறைக்கு வரும் என்று 2024இல் செய்திகள் வந்தன. நல்ல காரியம், சந்தேகமில்லை. சராசரிக் காலுக்கு இது விடிவு. ஆனால் சராசரியை மாற்றினால் மட்டும் போதுமா? பாதம் ஒல்லியானவன், ஒரு கால் சின்னது ஒரு கால் பெரியது என்று பிறந்தவன், மேல்பாதம் உயர்ந்தவன் எல்லாம் அப்போதும் வெளியேதான் நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது புதிய எண் அல்ல, எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஓர் எழுத்து.

அதை ஏன் யாரும் விற்பதில்லை? வியாபாரியைத் திட்டுவதற்கு முன் அவர் பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதே நியாயம். ஒரு மாடல், 6 முதல் 11 வரை ஆறு எண்கள், கறுப்பு பிரவுன் இரண்டு நிறம். மொத்தம் 12 வகை. அரை சைஸ் சேர்த்தால் எண்கள் பதினொன்று ஆகும். மூன்று அகலம் வைத்தால் 33. இரண்டு நிறத்துக்கு 66. 12 பெட்டி இருந்த இடத்தில் 66 பெட்டி! முதல் முடங்கும், ஓரத்து அளவுகள் விற்காமல் தூசி படியும், ஆடித் தள்ளுபடியில் அடிமாட்டு விலைக்குப் போகும். எனவே கடை நடு அகலத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. கடைக்காரர் சுமக்க வேண்டிய ஸ்டாக் செலவை வாங்குபவன் சுண்டுவிரலில் சுமக்கிறான். இன்வென்டரி பாடத்தில் இந்தச் செலவுக்கு மட்டும் தலைப்பு கிடையாது.

இதிலே வயிற்றெரிச்சல் என்னவென்றால், சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக ஷூ தைக்கும் ஊர்கள். ஐரோப்பாவுக்கு அங்கிருந்துதான் கப்பலேறுகிறது. ஆர்டர் கொடுப்பவர் கேட்டால் எண்ணோடு எழுத்தும் வைத்துத் தைக்கத் தெரிந்த கைகள் அவை. தைக்கிற ஊர்க்காரன் கால் மட்டும் நடு அகலத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அந்த ஊர்களால் ஒரு லாபம் உண்டு. ஆம்பூரில் ஏற்றுமதி மிச்சம் விற்கும் கடைகளில் ஷூவின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் சிலவற்றில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து அச்சிட்டிருக்கும். ஆனால் எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, ஒரு கம்பெனிக்கு எஃப் சாதாரணம் என்றால் இன்னொன்றுக்கு ஜி சாதாரணம். காலில் போட்டுத்தான் ஆக வேண்டும். அதுவும் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், இண்டர்வியூவுக்குப் போடப் போகும் அதே சாக்ஸோடு, பெரிய காலில் முதலில். லேஸ் கட்டும் பட்டைகள் மேலே தனியாகத் திறந்துகொள்ளும் டெர்பி வகை, உயர்ந்த மேல்பாதத்துக்கும் அகலத்துக்கும் இடம் கொடுக்கும். பட்டைகள் கீழே சேர்த்துத் தைத்த ஆக்ஸ்ஃபோர்டு பார்க்க அழகு, ஆனால் இரக்கமே இல்லாதது. கூர்மூக்கு ஷூ பக்கம் திரும்பவே வேண்டாம்.

இதெல்லாம் சரிவராத காலுக்குத் தைத்துப் போடுவதுதான் வழி. "தைத்துப் போட நான் என்ன ஜமீன்தாரா" என்று பையன்கள் சிரிப்பார்கள். சென்னையில் பெரியமேடு பக்கம் விசாரித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். தோலும் சோலும் மொத்தமாகக் கிடைக்கும் பேட்டை அது. தெரிந்த கைவினைஞர் ஒருவர் காகிதத்தில் இரண்டு காலையும் தனித்தனியாக வரைந்து, விரல் மேட்டிலும் மேல்பாதத்திலும் டேப் சுற்றி அளவெடுப்பார். கால் வடிவக் கட்டையின் மேல், புடைப்பு இருக்கும் இடத்தில் தோல் துண்டு ஒட்டி, அதன்மேல் ஷூவை இழுத்துத் தைப்பார். இரண்டு வருடத்தில் மூன்று ரெக்சின் ஷூ வாங்கி வீசும் காசையும் இந்த ஒரு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், சிரிப்பு கொஞ்சம் குறையும். (2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. அகலம் வைத்து விற்க நினைக்கும் கம்பெனிகள் இந்தக் கோட்டுக்குள் ஏதாவது யோசிக்கலாம்.)

இளவட்டத்துக்குக் கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். அதே குடும்பத்தில், அதே அகலக் காலோடு, சர்க்கரை நோயும் சேர்ந்து, பள்ளிக்கோ வங்கிக்கோ தினமும் ஷூ போட்டுப் போகும் அப்பாவின் கதை வேறு. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். நெரிப்பது தெரியாது, புண் வந்ததும் தெரியாது. உணர்ச்சி இழந்த பாதத்துக்குக் காலணி எப்படி இருக்க வேண்டும் என்று, ஆம்பூருக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்காக அந்தக் காலத்திலேயே பாடுபட்டிருக்கிறார். மகனுக்கு இண்டர்வியூ ஷூ பார்க்கப் போகும் நாளில் அப்பாவையும் கூட்டிப்போய், அவர் காலையும் அந்தக் காகிதத்தில் வரைந்து வாங்கி வரலாம்.